நாலாவது வரி

மரக்காணம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் சிகாமணியின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வரியைக் காணோம்.

முதலில் அவன் காது கொடுக்கவில்லை. சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிறவனுக்குத் தன் பாட்டு டீக்கடையில் ஓடுவது முதுகு சொறிந்துவிடுவது மாதிரி சுகமான சங்கதிதான், ஆனால் அதற்காக யாரும் நின்று யோசிப்பதில்லை. டம்ளரின் விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்து ஒரு வாய் உறிஞ்சினான். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு டீயைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியவில்லை என்று அவன் முகம் சுளித்தபோது ஸ்பீக்கரில் மூன்றாவது வரி முடிந்தது. தபேலா நின்றது. நாலாவது வரி வர வேண்டிய இடத்தில் எதுவுமே வரவில்லை. வடைத் தட்டில் ஈக்கள் ரீங்கரிப்பது கேட்டது. தூரத்தில் உப்பு லாரி ஒன்று முக்கி முனகி கியர் மாற்றியது. பிறகு தபேலா மறுபடி எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி பாட்டு அடுத்த சரணத்துக்குப் போயிற்று.

"ஏம்பா, பாட்ட வெட்டி வெச்சிருக்கியா?"

"எந்தப் பாட்டு சார்?"

"இப்ப ஓடுச்சே. ஒரு வரி இல்ல அதுல."

கடைக்காரன் ஸ்பீக்கரைப் பார்த்தான், பிறகு இவனைப் பார்த்தான். "ரேடியோ சார் அது. நான் எங்க வெட்டறது?"

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சிகாமணி விட்டுவிட்டான். ஆனால் மனம் விடவில்லை. காணாமல் போனது ஏதோ ஒரு வரி அல்ல. அவன் இந்த ஊருக்கு வந்ததே அந்த வரிக்காகத்தான்.

முழுப்பெயர் தெய்வசிகாமணி. பெருமுக்கல் பக்கம் நெல்லும் மல்லாட்டைப் பயிரும் விளைவிக்கிற குடும்பம். சென்னைக்குப் போன கையோடு பெயரிலிருந்த தெய்வத்தை வெட்டிவிட்டான். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களையும் சவுக்குத் தோப்பு வெட்டுகிறவர்களையும் அவன் வீட்டில் மனுஷக் கணக்கில் சேர்த்ததில்லை, அவனும் சேர்த்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் இந்தக் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்திச் சிகரெட் பற்றவைத்தபோது, ஓரத்துத் தோப்பில் மரம் வெட்டுகிறவர்கள் பாடுவதைக் கேட்டான். கைபேசியில் பதிந்துகொண்டான்.

கொம்பு சாயுது கொண்டல் காத்துல, ஏலோ வெட்டு!
கோடாலி வாயில கோந்து ஒட்டுது, ஏலோ வெட்டு!
அம்பது அடி மரம் ஆடுது பாரு, ஏலோ வெட்டு!

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வரி அளவுக்குச் சத்தமில்லாமல் நிற்பார்கள். பிறகு அடுத்த மூன்று வரி, மறுபடி அதே ஓட்டை. நாலு வரியை நினைவில் வைத்துக்கொள்ள வக்கில்லாத கூட்டம் என்று அவன் சிரித்தான். மூன்று வரியையும் அப்படியே எடுத்துக்கொண்டு, ஓட்டைக்குத் தன் சொந்த வரியைப் போட்டு அடைத்தான். "அம்பு விழியாளே, உன்மேல் சாய்வேனே." கூச்சமில்லாமல் எழுதி, அவனே பாடியும் வைத்த வரி. படமும் கூச்சமில்லாமல் ஓடியது. பாட்டுக்கு விருது என்று அறிவித்துவிட்டார்கள்.

அப்போதுதான் பாட்டின் வீடியோவுக்குக் கீழே அந்தக் குறிப்பு வந்தது. "நாலாவது வரி உங்களுது இல்ல. தயவுசெஞ்சு அத எடுத்துடுங்க. மெர்லின், மரக்காணம்." ஆயிரக்கணக்கானவர்கள் அதற்குக் கட்டைவிரல் தூக்கினார்கள். ஒரு டிவி சேனல் அதைப் பிடித்துக்கொண்டது. இயக்குநர் போன் செய்து, "யார் எழுதினதுன்னு கண்டுபிடிச்சு முடிச்சுட்டு வா. இல்லன்னா பாட்டு மேடை ஏறும், உன் பேரு ஏறாது" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வயிறு எரிந்தது சிகாமணிக்கு. திருடிய மூன்று வரியைப் பற்றி ஒரு நாயும் வாய் திறக்கவில்லை. உண்மையாகவே அவன் எழுதிய ஒரே வரியை வேறு எவனோ எழுதினானாம். திருடனைப் பிடித்து, அவன் போட்டிருக்கும் சொந்தச் சட்டையைக் கழற்று என்றால் எப்படி இருக்கும்! அந்த மெர்லினைப் பிடித்து, நாலாவது வரியை வேறு யாரும் எழுதவில்லை என்று வாயாலேயே சொல்லவைத்துப் படம் எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் சென்னை திரும்ப வேண்டும்.

"மெர்லினா? செத்துப்போனானே மார்ட்டினு, அவன் தங்கச்சி" என்றான் கடைக்காரன். "அந்தோணிதாஸ் மேஸ்திரி செட்டுல இருக்குது. உப்பளம் தாண்டி சவுக்கு வெட்டு நடக்குது பாருங்க, அங்கதான் சுள்ளி மிளாறு கட்டிக்கினு இருக்கும்."

காரில் ஏறியதும் பாட்டைத் தன் கைபேசியிலேயே போட்டான். ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து அவனே வாங்கி வந்த மூலப்பிரதி. அதை யாரும் தொட முடியாது.

மூன்றாவது வரி முடிந்தது. தபேலா நின்றது. ஒன்றும் வரவில்லை.

பின்னால் நகர்த்திப் போட்டான். வரவில்லை. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று ஒலியைக் கூட்டி, கைபேசியைக் காதோடு ஒட்டிக் கேட்டான். அப்போதுதான் தெரிந்தது, அது வெறும் மௌனம் இல்லை. ஒரு சின்ன அறையில் பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் அங்கே ஒரு கனம் இருக்குமே, அந்த மாதிரி ஒரு கனம் அதற்குள் இருந்தது. சட்டென்று நிறுத்தினான். ஏதோ சாப்ட்வேர் கோளாறு என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். காருக்குள் அவன் குரல் சன்னமாகக் கேட்டது.

சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீரில் சாய்ந்த வெயில் கண்ணைக் குத்தியது. வரப்போரம் குவித்திருந்த உப்பில் பாதியைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். சேறும் அழுகின பாசியும் கலந்த நெடி ஏசியையும் தாண்டி உள்ளே வந்தது. இந்த நாற்றத்தில் பிறந்து இந்த நாற்றத்திலேயே சாகிறவர்களுக்குப் பாட்டு ஒரு கேடா என்று நினைத்தான். அப்படி நினைத்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது.

தோப்பின் பாதியை ஏற்கெனவே வெட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் அடிக்கட்டைகள் நிறைந்த வெட்டவெளி. அதில் கழித்துப்போட்ட கிளைகளும் மிளாறும் ஆள் உயரத்துக்குக் குவியல் குவியலாகக் கிடந்தன. மறுபக்கம் வெட்டாத சவுக்கு மரங்கள், ஒன்றையொன்று ஒட்டி, உள்ளே வெயிலை விடாமல் நின்றன. காற்று வராதபோதும் அவற்றின் உச்சியில் ஓர் உய்யென்ற சத்தம் இருந்துகொண்டே இருந்தது. காலடியில் உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தையாகக் கிடந்ததால் நடந்தால் தன் நடை தனக்கே கேட்கவில்லை.

மேஸ்திரி அந்தோணிதாஸ் கழுத்தில் சிலுவைக் கயிறோடு எழுந்து வந்தார். பின்னால் இரண்டு மூன்று வெட்டுக்காரர்கள். சற்றுத் தள்ளி மிளாறுக் கட்டின் மேல் முழங்காலை ஊன்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பெண்தான் மெர்லின் என்பது, இவனைப் பார்த்ததும் அவள் கை நின்றதிலிருந்தே தெரிந்தது.

"நாந்தான் அந்தப் பாட்ட எழுதினவன்" என்றான் சிகாமணி. "நாலாவது வரி என்னுது இல்லன்னு நீ எழுதியிருக்க. அப்ப யாருது? ஆளக் கூப்பிடு. பாத்துடலாம்."

"ஆளு யாரும் இல்ல சார்" என்றாள் மெர்லின்.

"அப்படி வா வழிக்கு. அத கேமரா முன்னாடி சொல்லு."

"அவசரப்படாதீங்க சார்" என்றார் மேஸ்திரி. "மூணு வரி எவன் வேணா பாடுவான், எப்படி வேணா மாத்துவான். அத நீங்க எடுத்துக்கினதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நாலாவது வரிய நாங்க விட்டுடுவோம். கோடாலியும் நிக்கும், வாயும் நிக்கும். மரம் முறியறதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள ஒரு சத்தம் குடுக்கும் பாருங்க, அதக் கேக்கறதுக்கு. கேட்டா ஓடிடுவோம். மெஷின் வாளுகூட இங்க கொண்டாறதில்ல, அந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்காதுன்னுதான்."

"அது மரம் பேசற எடம் சார்" என்றாள் மெர்லின். "எங்கண்ணன் உங்க பாட்ட போன்ல போட்டுக்கினே வெட்டுனான். ஆசையா. நாலாவது வரி வந்துச்சு, எல்லாம் கூடவே பாடுனாங்க. மரம் சத்தம் குடுத்தது ஒருத்தனுக்கும் கேக்கல." அவள் குரல் உடையவில்லை. அதுதான் சிகாமணிக்குப் பிடிக்கவில்லை. "உங்க மேல தப்புன்னு சொல்லல. அந்த வரிய மட்டும் எடுத்துடுங்க. அந்த எடம் காலியா இருக்கணும்."

ஆக, பாட்டு கேட்டுக்கொண்டு வேலை செய்தவன் செத்ததற்குப் பாட்டு எழுதினவன் பொறுப்பு! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சிகாமணிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும்விட்டான். விருது வாங்கிய வரியை எடுக்கச் சொல்ல இதுகளுக்கு என்ன யோக்கியதை?

"அந்த வரியோட அர்த்தமாவது தெரியுமா உங்களுக்கு? சொல்றேன் கேளுங்க" என்று, மேடையில் செய்கிற மாதிரி தொண்டையை இரண்டு முறை செருமிக்கொண்டு, கையை விரித்து வரியைச் சொன்னான்.

அவர்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க சார்" என்றார் மேஸ்திரி.

"சொன்னேனே!"

"வாயத் தொறந்தீங்க. சத்தம் வரலியே."

மறுபடி சொன்னான். உதடு அசைந்தது, நாக்கு பல்லில் பட்டது, மூச்சும் வெளியே போனது. சத்தம் இல்லை. அவனுக்கே கேட்கவில்லை. மெர்லின் மட்டும் அவன் வாயைப் பார்க்காமல், அவனுக்குப் பின்னால் வெட்டவெளியில் கிடந்த குவியல்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கெளம்புங்க சார்" என்றாள். "சிவப்புத் துணி கட்டுன கட்டை இருக்குது பாருங்க, அதுக்கு அந்தாண்ட போயிடாதீங்க. மரம் அந்தப் பக்கம்தான் விழும்."

இருட்டுவதற்குள் ஒரு மரம் பாக்கி என்று மேஸ்திரி ஆட்களோடு திரும்பிப் போனார். சிகாமணி காரை நோக்கி நடந்தான். தொண்டை கட்டியிருக்கிறது, உப்புக் காற்று, ஏசி, அவ்வளவுதான். வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும். காரின் கைப்பிடியில் கை வைத்தபோது பின்னால் பாட்டு கிளம்பியது.

கொம்பு சாயுது கொண்டல் காத்துல. கோடாலிகள் விழுந்தன. மூன்றாவது வரி. எல்லாம் நின்றது.

அந்த மௌனத்துக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இரண்டு முறை.

வெட்டவெளிப் பக்கத்திலிருந்து, மிளாறுக் குவியல்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவன் செருமல். ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்கைத் திறப்பதற்கு முன் அவன் செய்வது, அதே இடைவெளி, கடைசியில் அதே சின்னக் கரகரப்பு.

பயம் முதுகில் ஏறுவதற்குள் கோபம் முந்திக்கொண்டது. ஸ்பீக்கரை ஒளித்து வைத்திருக்கிறார்கள்! டீக்கடையிலிருந்தே ஆரம்பித்த கூத்து. தன்னை மிரட்டி வரியைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். கையும் களவுமாகப் பிடித்துப் படம் எடுத்துப் போட்டால் நாளைக்கு ஊரே காறித் துப்பும், இவர்கள் மேல். சிவப்புத் துணி கட்டிய கட்டையை அவன் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் தாண்டினான்.

குவியல்களுக்கு நடுவே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகிவிட்டது. இருபக்கமும் வாடின கிளைகள் அவன் தலைக்கு மேலே எழும்பியிருந்தன. வெட்டுக்காரர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவர்களுக்கும் இவன் தெரிய வழியில்லை. பச்சை மரம் வெட்டுப்பட்ட புளித்த வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. அது என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவன் போட்டிருக்கும் சென்ட். ஆனால் அது முன்னாலிருந்து வந்தது.

ஒரு குவியலை விலக்கினான். ஊசியிலை. இன்னொன்றை விலக்கினான். ஊசியிலை, எறும்பு, செந்நிற மரச்சில்லு. ஸ்பீக்கர் இல்லை, ஒயர் இல்லை.

இரண்டாவது முறை பாட்டு வந்தது. மூன்றாவது வரி. கோடாலிகள் நின்றன.

மூச்சு. யாரோ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்கள். பாடுவதற்கு முன் இழுக்கிற மூச்சு. அவன் காதுக்குப் பக்கத்தில். காதுமடல் குளிர்ந்தது.

திரும்பினான். யாரும் இல்லை. விலக்கிய குவியல்கள் விலக்கின மாதிரி இல்லை, மூடியிருந்தன. வந்த வழி எது? இடது பக்கமா? அடிக்கட்டை தட்டி முழங்கால் சிராய்த்தது. மிளாறு கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. உதறினான். இன்னும் இறுகியது. நிமிர்ந்து பார்த்தான்.

குவியல்களின் மேலே, சிவந்த வானத்தில், ஒரே ஒரு மரத்தின் உச்சி தெரிந்தது. மற்ற மரங்கள் அசையவில்லை. அது மட்டும் நடுங்கியது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நடுக்கம். இந்தப் பக்கம் சாய்ந்து.

"மேஸ்திரி!" என்று கத்தினான்.

சத்தம் இல்லை.

"நிறுத்துங்க! நான் இங்க இருக்கேன்!"

இல்லை. முன்பு ஒரு வரிதான் போயிருந்தது. இப்போது எல்லாம் போயிருந்தது. அம்மா என்று கத்திப் பார்த்தான். பெயரிலிருந்து வெட்டி எறிந்த தெய்வத்தைக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தான். வாய் மீன் வாய் மாதிரி திறந்து மூடியது. கைதட்டினான், உள்ளங்கைகள் பஞ்சுபோல மோதின. கைபேசி எங்கே? மிளாறை உதறியதில் எங்கோ நழுவியிருந்தது. அப்பால் வெட்டுக்காரர்கள் பேசுவது மட்டும் துல்லியமாகக் கேட்டது.

"அந்தாளு போயிட்டாரா?" மேஸ்திரியின் குரல்.

"கார்கிட்ட போனாரு. போயிருப்பாரு" என்றான் ஒருவன்.

"ஆரோக்கியராஜு, கடைசி வெட்டுடா. காத வெச்சுக் கேளு."

கொம்பு சாயுது கொண்டல் காத்துல. வெட்டு. கோடாலி வாயில கோந்து ஒட்டுது. வெட்டு. சிகாமணி காலை இழுத்தான். தோல் உரிந்தது. வரவில்லை. அம்பது அடி மரம் ஆடுது பாரு.

நின்றது.

எல்லாம் நின்றது. எல்லாரும் காதை மரத்துக்குக் கொடுத்து நிற்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. ஒரு சுள்ளி முறிந்தாலும் கேட்கும். ஒரு முனகல் போதும். இதுதான் இடம். இப்போது கத்தினால் பிழைத்தான். உயிரையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து, கண் பிதுங்க, வாயைத் திறந்தான்.

குரல் வந்தது.

கணீரென்று வந்தது. சுதி பிசகாமல், ஒலிப்பதிவுக் கூடத்தின் எதிரொலியோடு, தேன் குழைத்த மாதிரி வந்தது. "அம்பு விழியாளே..."

இல்லை. இது இல்லை. காப்பாத்துங்க என்றுதான் நாக்கைத் திருப்பினான்.

"...உன்மேல் சாய்வேனே."

"எவன்டா அது?" மேஸ்திரி அலறினார். "மார்ட்டின் செத்தும் புத்தி வரலயா? எவன்டா போன்ல அந்தக் கருமத்தப் போட்டது?"

"நான் இல்ல மேஸ்திரி!"

"நிறுத்துங்கடா! மரத்துச் சத்தம் கேக்கல, நிறுத்துங்க!"

அவர்களுக்குக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது. அவன் குரலுக்கு அடியில், மரத்தின் வயிற்றுக்குள், மெல்ல எலும்பு விலகுகிற மாதிரி ஒரு சத்தம். வானம் சுருங்கியது. உச்சி பெரிதாகியது.

விழுந்தது.

வலி இல்லை. அதுதான் முதலில் தெரிந்தது. மார்புக்குக் கீழே எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது. முகத்தின் மேல் ஊசியிலைகள். இடுக்கில் கொஞ்சம் சிவப்பு வானம். வாயை மூட முயன்றான். தாடை அவன் சொல் கேட்கவில்லை. அது பாடிக்கொண்டிருந்தது.

ஓடி வரும் கால்கள். மூச்சிரைப்பு.

"யாருக்கும் அடி இல்லியே? எல்லாம் இருக்கீங்களா?"

"இருக்கோம் மேஸ்திரி. இன்னும் பாடிக்கினே இருக்குது பாருங்க."

"அடியில மாட்டிக்கிச்சு போல. தேடி ஆஃப் பண்றா மொதல்ல. கேக்கவே ஒமட்டுது."

கிளைகள் விலகின. ஒரு கை உள்ளே வந்தது. காய்ப்புக் காய்த்த, கோந்து ஒட்டிய, பெரிய கை. கண்களுக்கு மேலே துழாவியது. கண்ணைத் தொட்டது, அது கண் என்று அதற்குத் தெரியவில்லை. மூக்கைத் தொட்டது. சத்தம் வரும் இடத்தைத் தேடி இறங்கியது. அவன் இமையை அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். வெட்டுக்காரன் ஆரோக்கியராஜின் முகம் இடுக்கில் தெரிந்தது. நேராக அவனைத்தான் பார்த்தது. அதில் மனுஷனைப் பார்த்த அடையாளம் எதுவும் இல்லை, அருவருப்பு மட்டும்தான்.

"கெடச்சுது மேஸ்திரி. சின்ன போனுதான். ஈரமா இருக்குது."

இரண்டு விரல்கள் வாய்க்குள் நுழைந்தன. நாக்கைத் தடவிப் பார்த்தன. அழுத்தின. விட்டன. மறுபடி பலமாக அழுத்தின. விரல்களைச் சுற்றிக்கொண்டு பாட்டு வந்தது, ஒரு சுரம் குறையாமல்.

"நிக்க மாட்டேங்குது மேஸ்திரி. பட்டனே தெரியல."

"அப்ப ஒடைச்சுப் போடு."

விரல்கள் வெளியே போயின. கிளைகளின் இடுக்கில், சிவந்து கறுக்கும் வானத்தில், கோடாலியின் மழுங்கின பக்கம் நிதானமாக மேலே எழுந்தது. சிகாமணியின் வாய் தொண்டையை இரண்டு முறை செருமிக்கொண்டு, வரியை மறுபடி முதலிலிருந்து எடுத்தது.